வெட்டும் நாளும் எரிக்கும் நாளும்: ஒரு தைலமரத் தோட்டத்தின் அறுவடை ஆய்வு

விறகுக்காக விளைநிலத்தில் மரம் வளர்ப்பது பற்றிப் பேசும்போது எந்தக் கன்று, எத்தனை அடி இடைவெளி, எத்தனை ஆண்டு என்றுதான் பேச்சு போகிறது. அறுவடையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கீழே வரும் நிகழ்வில் இழப்பு முழுவதும் அறுவடையில்தான் நேர்ந்தது. மீட்சியும் அறுவடையை மாற்றியதால்தான் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஆலோசகராக இருந்து பார்த்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன். ஆட்களின் பெயரும் இடத்தின் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

ஆறு ஏக்கர் மேட்டு நிலம், அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மண் ஆழமானது, ஆனால் ஆண்டு முழுக்கப் பயிர் செய்யப் பாசன நீர் போதாது. களையெடுக்கவும் அறுக்கவும் ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வந்ததால் சில ஆண்டுகள் நிலம் தரிசாகவே கிடந்தது. மரப்பயிருக்கு மாறலாம் என்ற முடிவு அப்போது எடுக்கப்பட்டது.

மூன்று மரங்களை யோசித்தார்கள். சவுக்கு விறகு நன்றாக எரியும், நல்ல சூடு தரும். ஆனால் வழக்கமாக நடும் சவுக்கு வெட்டிய பின் சரியாகத் துளிர்க்காது, ஒவ்வொரு முறையும் புதிதாக நட வேண்டும். சூபாபுல் வெட்ட வெட்டத் துளிர்க்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்க்கும். அதன் விதை பரவிப் பக்கத்து நிலத்தில் களையாகிவிடும் என்பதால் அண்டை வீட்டார் ஒப்பவில்லை. மிஞ்சியது தைலமரம். ஒருமுறை நட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாக மூன்று, நான்கு அறுவடை எடுக்கலாம் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

குளோன் கன்றுகளை (தேர்ந்த ஒரு மரத்தின் தண்டு நறுக்கிலிருந்து வளர்த்தவை) 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டார்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 900 மரம் வரும். பலகைக்கு வளர்ப்பதென்றால் இது அதிக நெருக்கம். விறகுக்கு மரத்தின் பருமனைவிட நிலத்திலிருந்து வரும் மொத்த எடைதான் முக்கியம் என்பதால் தெரிந்தேதான் அப்படி நட்டார்கள்.

நீராவிக் கொதிகலன் வைத்திருந்த ஒரு தொழிற்சாலை, அரைத்த மரச்சில்லை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டில் முதல் அறுவடை என்பது திட்டம்.

நடவுச் செலவு ஒருமுறை, வருமானம் நான்கு முறை. இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் அடிக்கட்டை உயிரோடு இருக்க வேண்டும். முதல் அறுவடையில் கட்டை செத்தால் அடுத்த மூன்று அறுவடையும் அதோடு போகும். திட்டம் போட்டபோது இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

வெட்டுக்கு முன் கண்டவை

என்னை அழைத்தபோது அறுவடை ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் போயிருந்தது. தோட்டம் நன்றாகவே இருந்தது. பெரும்பாலான மரங்கள் நெஞ்சு உயரத்தில் 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டம். வெளிச்சம் அதிகம் கிடைக்கும் ஓர வரிசைகள் இன்னும் பருமன். ஆனால் கோடை உச்சம். முழங்கால் ஆழம் தோண்டியும் மண்ணில் ஈரம் தட்டவில்லை.

சில மரங்களின் தண்டிலிருந்து வட்ட வில்லைகள் அறுத்து, எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்திப் பார்த்தோம். பச்சை எடையில் பாதி தண்ணீர். புதிதாக வெட்டிய மரத்துக்கு இது இயல்பான அளவுதான்.

ஒப்பந்தத்தாளைப் படித்தபோதுதான் கவலை வந்தது. எடைமேடையில் வரும் டன்னுக்கு இவ்வளவு என்று ஒரே வரி. ஈரப்பதம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தொழிற்சாலை எரிக்கும் பயிர்க்கழிவு கோடையில் தீர்ந்துபோகும் என்பதால், சில்லு கோடையில் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. வெட்டும் ஒப்பந்தக்காரருக்கும் டன் கணக்கில்தான் கூலி.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெட்டிய மரம் காய்ந்தால் எடை குறையும். எடை குறைந்தால் உழவருக்கும் நட்டம், வெட்டுபவருக்கும் நட்டம். எனவே காலையில் வெட்டி, மதியம் அரைத்து, மாலையில் எடைமேடை ஏற்றுவதுதான் எல்லோருக்கும் லாபம் என்று ஆகிவிட்டது. கோடையில் எரிக்க வேண்டும் என்பதால் கோடையிலேயே வெட்டியாக வேண்டும் என்றும் ஆகிவிட்டது. வெட்டும் நாளையும் எரிக்கும் நாளையும் அந்த ஒரு வரி ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்தது. கட்டைக்கு எது நல்ல காலம் என்பது எவருடைய கணக்கிலும் வரவில்லை.

முதல் முடிவு: பாதியை மட்டும் வெட்டுவது

மழை பெய்து ஓய்ந்த பிறகு வெட்டலாம் என்பது என் கருத்து. மண்ணில் ஈரம் இல்லாதபோது வெட்டிய கட்டை காய்ந்து, பட்டை மரத்தைவிட்டுக் கழன்றுவிடும். தைலமரத்தின் துளிர்கள் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து வருபவை. பட்டை போனால் மொட்டும் போகும்.

அண்ணனுக்குக் கடன் தவணை நெருங்கியிருந்தது. "தம்பி, அஞ்சு வருஷம் பொறுத்தாச்சு. இப்ப விட்டா அவங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க" என்றார். தம்பி மறுத்துப் பேசவில்லை. "பாதியை மட்டும் வெட்டுவோம்ணே. மீதி நம்ம கையில இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாங்குபவர் ஒருவரே என்பது மரம் வளர்ப்பவருக்கு உண்மையான ஆபத்து. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஆர்ப்ரே என்ற மின் நிலையத்தை நம்பி உழவர்கள் வில்லோ மரம் நட்டார்கள். 2002-இல் அந்தத் திட்டம் மூடப்பட்டபோது வயலில் மரம் நின்றது, வாங்க ஆள் இல்லை. ஆண்டுப் பயிர் வைத்தவர் அடுத்த ஆண்டே மாறிக்கொள்ளலாம். மரம் வைத்தவர் அப்படி மாற முடியாது. வாங்குபவரைப் பகைக்க அண்ணன் தயங்கியது இந்த அச்சத்தால்தான்.

முடிவு இப்படி ஆனது: கிழக்குப் பாதி மூன்று ஏக்கரைக் கோடையிலேயே வெட்டுவது, மேற்குப் பாதியை நிறுத்தி வைப்பது. வெட்டும் உயரம், கருவி பற்றிய நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்க முயன்றோம். கூலி அதே அளவில் இருக்க வேலை மட்டும் கூடும் என்பதால் ஒப்பந்தக்காரர் இசையவில்லை. அவர் நிலையில் அது எதிர்பார்க்கக்கூடியதே.

கிழக்குப் பாதியில் நடந்தது

வேலை வேகமாக முடிந்தது. மெஷின் ரம்பம் ஒன்றுதான் இருந்தது. மீதி ஆட்கள் கோடரியால் வெட்டினார்கள். வெட்டுயரம் சில இடங்களில் கணுக்காலளவு, சில இடங்களில் முழங்காலளவு. கோடரி பட்ட கட்டைகளில் பட்டை பிளந்து தொங்கியது. பாதை குறிக்காததால் டிராக்டர் வரிசைக்கு நடுவிலும் கட்டைகளின் மேலும் ஏறியது. தழையும் சிறுகிளையும் தண்டோடு சேர்ந்தே அரைக்கப்பட்டன. அரவைக்குப் போகாத மிச்சத்தைக் கட்டைகளின் மேலேயே குவித்துக் கொளுத்தினார்கள்.

சில்லுக் குவியல். அறுவடையின் நடுவில் தொழிற்சாலையின் கொதிகலன் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. அரைத்து முடித்த பல லோடு சில்லு, ஆள் உயரத்துக்கு மேலான ஒரே குவியலாக வயலோரம் தங்கியது. சில நாளிலேயே அதிகாலையில் குவியலின் உச்சியிலிருந்து ஆவி எழுந்தது. உள்ளே கையை விட முடியாத சூடு, புளித்த வாடை.

பச்சைச் சில்லுக் குவியல் சூடாவது இயற்கை. இன்னும் உயிரோடு இருக்கும் மரத்திசுவின் சுவாசமும், அதன் பின் பாக்டீரியாவும் பூஞ்சையும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. குவியலின் உட்பகுதி 60 டிகிரிக்கு மேல் போகலாம். இலை கலந்திருந்தால் நுண்ணுயிர்களுக்கு எளிதான உணவு கிடைத்து இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த வெப்பம் நம் விறகுதான். அதாவது கொதிகலனில் எரிய வேண்டிய பொருள் வயலோரத்தில் மெல்ல மெல்ல எரிந்துகொண்டிருக்கிறது. பெரிய குவியல்களில் தானே தீப்பற்றுவதும் உண்டு.

குவியலைக் கிளறப் போன தொழிலாளி ஒருவர் சாம்பல் நிறத் தூசியைச் சுவாசித்து அன்று இரவு முழுக்க இருமலும் காய்ச்சலுமாக இருந்தார். பூசணம் பிடித்த சில்லில் பூஞ்சை வித்துகள் ஏராளமாக இருக்கும். பூசண வைக்கோலைக் கையாள்பவர்களுக்கு வரும் நுரையீரல் ஒவ்வாமை நோய் இதிலும் வரலாம். அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். தூசியை வடிகட்டும் முகக்கவசம் இல்லாமல் யாரும் குவியலைத் தொடக்கூடாது என்றும், குவியலை இடுப்பளவுக்குக் கீழான சிறு குவியல்களாகப் பிரிப்பது என்றும், பழைய சில்லு முதலில் போக வேண்டும் என்றும் அன்றே முடிவானது. அவருக்குச் சில நாளில் குணமானது. இந்த ஒன்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். சில்லு வேலையில் ரம்பத்துக்கும் அரவை இயந்திரத்துக்கும் பயப்படுகிறோம், தூசிக்குப் பயப்படுவதில்லை.

எடைமேடைத் தகராறு. கொதிகலனில் நீராவி அழுத்தம் எட்டவில்லை, புகை அதிகம், விறகு எரியும் தட்டில் சாம்பல் உருகிக் கட்டியாகிறது என்று தொழிற்சாலை புகார் சொன்னது. மூன்றுமே உண்மை. ஈரச் சில்லு தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைச் செலவிடும். இலையிலும் பட்டையிலும் பொட்டாசியமும் குளோரினும் அதிகம், சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே இளகுவதற்கு அவை காரணம். தரையில் கொட்டி வாரிய சில்லில் மண்ணும் சேர்ந்திருந்தது. தொழிற்சாலை ஆட்கள் கண்ணால் பார்த்து எடையைக் கழிக்கத் தொடங்கினார்கள். லோடுக்கு லோடு கழிவு வேறுபட்டது. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைத்தார்கள்.

கட்டைகள். மழை வந்தது. கணுக்காலளவில் ரம்பத்தால் சீராக வெட்டிய கட்டைகளில் பெரும்பாலானவை துளிர்த்தன. பட்டை பிளந்தவை, டிராக்டர் ஏறியவை, தழை எரிந்த இடத்தில் இருந்தவை பெரும்பாலும் துளிர்க்கவில்லை. வரிசை வரிசையாக நடந்து எண்ணியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று குறைவாகச் செத்திருந்தன. முழங்காலளவில் வெட்டிய கட்டைகள் துளிர்த்தாலும் துளிர் உச்சியில் வந்தது. அப்படி வரும் கிளை கட்டையோடு உறுதியாக ஒட்டாது. முதல் பலத்த காற்றிலேயே பல பிய்ந்து விழுந்தன.

மரவிறகை எரித்தால் வரும் கரியமிலவாயுவை அடுத்த மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று சொல்லப்படுகிறது. அது மரம் திரும்ப வளர்ந்தால் மட்டுமே உண்மை. செத்த கட்டைகளின் பங்குக்கு அந்த வாதம் பொருந்தாது.

கணக்கை வேறு வழியில் போட்டது

இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, டன்னை விட்டுவிட்டு வெப்பத்தைக் கணக்கிட்டோம். கணக்கு எளிது. முற்றிலும் உலர்ந்த மரத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 19 மெகாஜூல் வெப்பம். ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க சுமார் 2.4 மெகாஜூல் செலவு.

பாதி நீராக இருக்கும் ஒரு டன் பச்சை மரத்தில் 500 கிலோ மரம், 500 கிலோ தண்ணீர். கைக்கு வரும் வெப்பம் கிலோவுக்கு சுமார் 8.3 மெகாஜூல். அதே மரத்தை 30 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் எடை சுமார் 714 கிலோவாகக் குறைகிறது. ஆனால் வெப்பம் கிலோவுக்கு சுமார் 12.6 ஆகிறது. மொத்தமாகப் பார்த்தால், எடை 29 சதவீதம் குறைந்தும் கிடைக்கும் வெப்பம் 8 சதவீதம் கூடுகிறது. காத்திருக்கும் காலத்தில் பூஞ்சை கொஞ்சம் மரத்தைத் தின்னும் என்பதைக் கழித்தாலும் வாங்குபவருக்கு நட்டமில்லை. குறைந்த லாரி, சீரான நீராவி, குறைந்த புகை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் கொள்முதல் அலுவலரே கேட்டார்: "அப்படின்னா இத்தனை நாளா நாங்க தண்ணியையா தூக்கிட்டு வந்தோம்?" அதன் பிறகு பேச்சு எளிதானது.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்க்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையின் ஊசி மீட்டர் ஒரு மரத்துண்டில் 43 என்று காட்டியது, எங்கள் அடுப்புச் சோதனை 30 என்றது. இரண்டும் சரி. மீட்டர் உலர்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை பங்கு நீர் என்று சொல்கிறது. எரிபொருள் வணிகத்தில் மொத்த எடையில் எத்தனை பங்கு நீர் என்று பார்க்கிறோம். எந்த அடிப்படை என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சண்டை நிச்சயம். மேலும் ஊசி மீட்டர் ஈரமான மரத்தில் நம்பத்தக்கதல்ல. எனவே மீட்டரை விட்டுவிட்டோம்.

புதிய ஒப்பந்தம் உலர் எடைக்கு. ஒவ்வொரு லோடிலும் மேல், நடு, அடி எனப் பல இடங்களிலிருந்து சில்லு எடுத்து, கலந்து, காற்றுப்புகாத இரு பைகளில் அடைப்பது. ஒன்று தொழிற்சாலை அடுப்புக்கு, மற்றொன்று உழவர் கையில் சாட்சியாக. லோடின் எடையிலிருந்து நீரின் எடையைக் கழித்து மீதிக்குப் பணம். 35 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் சிறு கூடுதல் விலை. காய வைத்தால் எடை போய்விடுமே என்ற பயம் இதோடு தீர்ந்தது.

இரண்டாம் முடிவு: மேற்குப் பாதியை எப்போது வெட்டுவது

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதும் இடம் இதுதான். கட்டைக்கு நல்லது, மண்ணில் ஈரம் இருக்கும்போது வெட்டுவது. விறகுக்கு நல்லது, வெயில் காலத்தில் வெட்டிக் காயவைப்பது. டிராக்டருக்கும் மண்ணுக்கும் நல்லது, நிலம் இறுகியிருக்கும்போது உள்ளே போவது. ஈர மண்ணில் பாரவண்டி ஏறினால் மண் இறுகி வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன.

குளிர்நாடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. அங்கே எரிபொருளுக்கு வளர்க்கும் வில்லோவை ஹெக்டேருக்கு சுமார் 15,000 குச்சிகள் என நெருக்கமாக நட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில்தான் வெட்டு. சத்து வேரில் இறங்கியிருக்கும், இலை மண்ணிலேயே விழுந்திருக்கும், உறைந்த தரை வண்டியைத் தாங்கும். தைலமரம் இலை உதிர்ப்பதில்லை, அந்த வாய்ப்பு இங்கே இல்லை. ஆனால் அந்தக் காரணங்களை எடுத்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்து, மேல்மண் இறுகி, கீழே ஈரம் நிற்கும் சில வாரங்களைத் தேர்ந்தோம். அப்போது வெட்டினால் கட்டைக்கு ஈரம் உண்டு, விறகு காயக் கோடை வரை பல மாதம் உண்டு, தொழிற்சாலைக்கு வேண்டிய கோடையில் காய்ந்த விறகு தயாராக இருக்கும். ஒப்பந்தம் உலர் எடைக்கு மாறியதால்தான் இது முடிந்தது. பழைய ஒப்பந்தத்தில் இதைச் செய்திருந்தால் குடும்பம் கால்பங்குக்கு மேல் வருமானத்தை இழந்திருக்கும்.

இதற்கும் விலை உண்டு. வெட்டுக்கூலியை இப்போது கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் கோடை வரை காத்திருக்க வேண்டும். தொழிற்சாலை ஒரு பகுதியை முன்பணமாகத் தந்ததால் அண்ணன் சம்மதித்தார்.

வெட்டிய விதம் இப்படி. ஆட்களுக்கு டன் கூலி நிறுத்தப்பட்டு நாள் கூலி பேசப்பட்டது. மெஷின் ரம்பம் மட்டும். தரையிலிருந்து 10 முதல் 12 சென்டிமீட்டர் உயரத்தில், மழைநீர் வழியும்படி சற்றே சாய்வாக, பட்டை கிழியாமல். டிராக்டருக்கு முன்கூட்டியே பாதை குறித்துக் கொடி நட்டோம். வெட்டிய மரத்தை இலையோடு அப்படியே இரண்டு வாரம் கிடக்கவிட்டோம். வாடும் இலைகள் தண்டின் நீரை இழுத்து வெளியேற்றும். இலை காய்ந்ததும் கிளை கழித்து, இலையும் சிறுகிளையும் வரிசைகளுக்கு இடையில் பரப்பப்பட்டன. கட்டையின் மேல் எதுவும் கிடக்கக்கூடாது, எதையும் கொளுத்தக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் விடாததற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு கட்டைகளில் துளிர் எட்டிப்பார்க்கத் தொடங்கும். மரத்தை இழுக்கும்போது இளந்துளிர் ஒடியும். எனவே துளிருக்கு முன் வயல் காலியாக வேண்டும்.

தண்டுகளை வயலோரத்தில், கற்கள்மேல் கிடத்திய மரத்துண்டுகளின் மீது, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக அட்டியாக அடுக்கினோம். மேலே மட்டும் மறைப்பு, பக்கங்கள் திறப்பு. தைல இலை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அட்டியைச் சுற்றி வெறுந்தரை விடப்பட்டது. தண்டை அரைப்பது லோடு ஏற்றும் நாளில் மட்டும், அதுவும் நேராக டிரெய்லருக்குள். தரையில் சில்லு கொட்டுவது நின்றது.

பின்விளைவு

கோடையில் சோதித்த லோடுகள் 30 சதவீத ஈரத்தை ஒட்டி வந்தன. அட்டியின் அடிவரிசை மட்டும் சற்று ஈரம். கண்மதிப்பில் எடை கழிப்பது முற்றிலும் நின்றது. இலை இல்லாத, மண் கலக்காத சில்லு என்பதால் தட்டில் சாம்பல் கட்டியாகும் புகாரும் வரவில்லை.

மேற்குப் பாதியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான கட்டைகளே துளிர்க்காமல் போயின. ஒவ்வொரு கட்டையிலும் கொத்தாகப் பல துளிர் வந்தன. அவற்றை ஒரே தடவையில் கழிக்கவில்லை. முதலில் உறுதியானவை நான்கைந்தை விட்டு, ஓராண்டுக்குப் பின் காற்றைத் தாங்கி நின்றவற்றில் ஒன்றிரண்டை நிறுத்தினோம். ஆரம்பத்திலேயே ஒன்றை மட்டும் விட்டால் அது காற்றில் பிய்ந்தபின் கட்டைக்கு வேறு துளிர் இருக்காது.

கிழக்குப் பாதியின் இடைவெளிகளில் புதுக் கன்று நடலாம் என்று தம்பி விரும்பினார். ஒரு வரிசையில் நட்டும் பார்த்தார். ஐந்து ஆண்டு வேர் உள்ள கட்டையின் துளிர் சில மாதத்தில் ஆள் உயரம் தாண்டும். பக்கத்தில் வைத்த கன்று அதன் நிழலில் மெலிந்து போனது. பிறகு வேறு முடிவு: இடைவெளிக்கு அருகில் உள்ள கட்டைகளில் இரண்டு, மூன்று துளிர் விடுவது, மற்றவற்றில் ஒன்று. தொடர்ச்சியாகச் செத்துப்போன ஒரு மூலையில் கட்டைகளைப் பெயர்த்துவிட்டுப் பயறு விதைத்தார்கள். கிணற்றை ஒட்டிய வரிசைகளையும் மறுபடி துளிர்க்க விடவில்லை. தைலமரம் ஆழமாக நீர் எடுக்கும். கிணற்றடியில் அதை வளர்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து, தம்பியும் அதையே நினைத்தார்.

மண்ணுக்குத் திருப்பித் தருவதைப் பற்றியும் ஒரு ஏற்பாடு வந்தது. தண்டைவிட இலையிலும் பட்டையிலும் சத்து அடர்த்தி அதிகம். இலையை வயலிலேயே விட்டதால் பெரும் இழப்பு தடுக்கப்பட்டது. தண்டோடும் பட்டையோடும் போனதில் ஒரு பகுதியை, கொதிகலன் சாம்பலாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரம் மட்டும் எரித்த நாட்களின் சாம்பலை மட்டுமே எடுப்பது என்பது நிபந்தனை. நிலக்கரியோ, பெயின்ட் அடித்த பழைய மரமோ கலந்தால் சாம்பலில் கன உலோகங்கள் வரலாம். சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு, தழைச்சத்து கிடையாது, அது எரியும்போதே காற்றில் போய்விடும். காரத்தன்மை அதிகம் என்பதால் மெல்லிய அளவில் தூவினார்கள். யூரியாவோடு சேர்த்துப் போடவில்லை, போட்டால் யூரியாவின் சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

நான்கு ஆண்டு கழித்து மறுதாம்பு அறுவடை நடந்தது. இந்த முறை ஆறு ஏக்கரும் மழைக்குப் பின் வெட்டப்பட்டன. ஏக்கருக்கு வந்த உலர் எடையில் கிழக்குப் பாதி மேற்குப் பாதியைவிடத் தெளிவாகப் பின்தங்கியது. செத்த கட்டைகளின் பங்கு அளவுக்கு இழப்பு இல்லை, இடைவெளியை ஒட்டிய கட்டைகளில் கூடுதலாக விட்ட துளிர்கள் ஓரளவு ஈடு செய்தன. ஆனால் அந்தத் துளிர்கள் மெலிந்தவை, பட்டை விகிதம் அதிகம், வெட்டவும் கழிக்கவும் கூலி கூடியது. ஒரே மண், ஒரே கன்று, ஒரே நாள் நடவு. ஒரு கோடையில் செய்த வெட்டின் வேறுபாடு அடுத்த அறுவடையிலும் அளக்கக்கூடியதாக இருந்தது.

மீண்டும் செய்தால் மாறுபவை

நடவுக்கு முன்பே விற்பனை ஒப்பந்தத்தின் அலகு முடிவாக வேண்டும். பச்சை எடைக்கு விலை பேசினால் மற்ற எல்லா நல்ல நடைமுறைகளும் அந்த ஒரு வரியோடு மோதும். ஈரப்பதம் எந்த அடிப்படையில், மாதிரி யார் எடுப்பது, தகராறு வந்தால் எந்தப் பை சாட்சி என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வெட்டுக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கான முன்பணத்தையும் அதிலேயே சேர்க்க வேண்டும். அது இல்லாமல் சிறு உழவரைக் காத்திருக்கச் சொல்வது வெறும் உபதேசம்.

வெட்டுக்கூலியைப் பொறுத்தவரை நாள் கூலி ஒரு தற்காலிகத் தீர்வுதான், வேலை மெதுவாக நடந்தது. இப்போது குடும்பம் பேசிவரும் முறை இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது: டன்னுக்கு ஒரு கூலி, அதோடு வெட்டிய மூன்று மாதத்தில் துளிர்த்து நிற்கும் கட்டைக்கு ஒரு தொகை. துளிர்த்த கட்டைகளை இரு தரப்பும் சேர்ந்து எண்ணுவார்கள்.

ஆறு ஏக்கரையும் ஒரே ஆண்டில் வெட்டும் வழக்கத்தையும் விட முடிவாகியிருக்கிறது. நிலத்தை நான்கு துண்டாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக வெட்டினால் வருமானம் ஆண்டுதோறும் வரும், அட்டிக்கான இடம் குறையும், ஒரு ஆண்டின் வறட்சி மொத்தக் கட்டைகளையும் தொடாது. அதற்காகச் சில துண்டுகளை ஓராண்டு முன்பும் சிலவற்றை ஓராண்டு பின்பும் வெட்ட வேண்டியிருக்கும். வேறொரு வாங்குபவரிடமும் சிறு அளவில் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். கிழக்குப் பாதியில் நான்காம் அறுவடை எடுப்பதில்லை. அடுத்த வெட்டோடு கட்டைகளைப் பெயர்த்து, ஒரு பருவம் பயறு விதைத்து, அகல வரிசையில் மறுநடவு செய்யப் போகிறார்கள்.